ஒற்றைத் தோட்டா ரைபிளுக்கு என்ன விலை சொல்வது?

உசிலம்பட்டிப் பக்கம் என் மாமா வீட்டில் ஒரு ரைபிள் இருந்தது. இங்கிலாந்தின் பி.எஸ்.ஏ. கம்பெனி செய்த .22, அதாவது குழலின் துளை சுமார் 0.22 அங்குலம். மேகசின் கிடையாது, ஒரு முறைக்கு ஒரு தோட்டாதான். சுட்டதும் அடியில் இருக்கும் லீவரைக் கீழே தள்ளினால் வெறும் கூடு வெளியே வந்துவிடும். அடுத்ததைக் கையால் வைத்து லீவரை மூட வேண்டும். மாமா தவறிய மூன்றாவது வாரம் அத்தை போன் செய்தார். அதற்குள் மச்சான் துப்பாக்கியை மதுரையில் ஓர் ஆர்ம்ஸ் டீலரிடம் டெபாசிட் செய்திருந்தான்.

"ஏப்பா, கடைக்காரரு இத வாங்க ஆளே இல்ல, இரும்பு வெலதாங்கிறாரு. ஒம் மச்சான் லட்சக்கணக்குல போகும்ங்கிறான். யார் சொல்றத நம்புறது?"

இதில் வேடிக்கை என்னவென்றால், இருவருமே பொய் சொல்லவில்லை. டீலர் தன் கடைக்கு வரும் ஆட்களை வைத்துச் சொன்னார். மச்சான் அமெரிக்க ஏலத்தில் அதே மாதிரி ஒரு ரைபிள் போன டாலர் விலையை ரூபாயாக்கிப் பார்த்தான். இரண்டுமே நிஜமான விலைகள்தான். ஆனால் உசிலம்பட்டியில் இருக்கும் ஒரு துப்பாக்கிக்கு இரண்டுமே பொருந்தாது. ஏன் பொருந்தாது என்பது புரிந்துவிட்டால், நியாயமான விலை எது என்பதும் பாதி தெரிந்துவிடும்.

திருமங்கலம் ஆட்டுச்சந்தைக்கு ஒரு வெள்ளிக்கிழமை காலையில் போய் நின்றால், அன்றைக்கு ஆடு என்ன விலை என்று ஒரு மணி நேரத்தில் தெரிந்துவிடும். விற்பவரும் நூற்றுக்கணக்கில் இருப்பார்கள், வாங்குபவரும் இருப்பார்கள். ஒருவர் விலையை ஏற்றிச் சொன்னால் பக்கத்துக் கயிற்றைப் பிடித்துக்கொண்டு போய்விடலாம். துப்பாக்கிக்கு அப்படி ஒரு சந்தை கிடையாது. விற்பவர் ஒருவர், வாங்கத் தகுதி உள்ளவர் மாவட்டத்தில் சில பேர், நடுவில் டீலர். ஆள் குறைந்த இடத்தில் விலை என்பது யாருக்கு அவசரம் என்பதைப் பொறுத்தே அமையும். பெரும்பாலும் அவசரம் அத்தை மாதிரி இருப்பவர்களுக்குத்தான்.

சட்டம் அப்படி. லைசென்ஸ் வைத்திருந்தவர் இறந்துவிட்டால், வீட்டில் இருக்கும் துப்பாக்கியை வாரிசுகள் தாமதிக்காமல் போலீஸ் ஸ்டேஷனிலோ லைசென்ஸ் பெற்ற டீலரிடமோ ஒப்படைக்க வேண்டும் என்கிறது 1959ஆம் ஆண்டின் ஆயுதச் சட்டம், 21ஆவது பிரிவு. வாரிசு தன் பேரில் லைசென்ஸ் வாங்கி எடுத்துக்கொள்ளலாம், அல்லது தகுதி உள்ள ஒருவருக்கு விற்றுப் பணத்தைப் பெற்றுக்கொள்ளலாம். விதித்த காலத்துக்குள் இரண்டும் நடக்கவில்லை என்றால் பொருள் அரசாங்கத்துக்குப் போய்விடும். டீலரிடம் வைத்திருந்தால் மாதாமாதம் பாதுகாப்புக் கட்டணம் வேறு ஓடும். இந்த நிலையில் இருப்பவரிடம் "இரும்பு விலைதான்" என்று சொன்னால் முக்கால்வாசிப் பேர் சரி என்று கையெழுத்துப் போட்டுவிடுவார்கள்.

டீலரைத் திட்டுவதற்காக இதைச் சொல்லவில்லை. அவர் வாங்கினால் ரெஜிஸ்டரில் ஏற்ற வேண்டும், பெட்டகத்தில் இடம் ஒதுக்க வேண்டும். இதை வாங்க ஒருவர் வரும்வரை வருஷக்கணக்கில்கூடக் காத்திருக்க வேண்டும். முடங்கும் பணத்துக்கு வட்டி யார் கொடுப்பார்? ஆகவே அவர் சொன்னது, டீலர் வாங்கும் விலை. அதை ரைபிளின் மதிப்பு என்று எடுத்துக்கொள்வதுதான் தவறு.

இப்படி ஒரு சாமான் உசிலம்பட்டிக்கு எப்படி வந்து சேர்ந்தது என்பதையும் பார்த்துவிடலாம். விலைக்கும் அதற்கும் தொடர்பு இருக்கிறது. பி.எஸ்.ஏ. என்றால் பர்மிங்ஹாம் ஸ்மால் ஆர்ம்ஸ். 1861இல் பர்மிங்ஹாம் துப்பாக்கிக் கைவினைஞர்கள் சேர்ந்து தொடங்கிய கம்பெனி. நம்மில் பலர் பள்ளிக்கூடத்துக்கு ஓட்டிக்கொண்டு போன சைக்கிளின் பெயரும் அதுவேதான். ஆயுதக் கம்பெனியின் பெயர் என்று தெரியாமலே பெடல் மிதித்திருக்கிறோம். அடி லீவரைக் கொண்ட இந்த இயக்கமுறைக்கு மார்ட்டினி என்று பெயர். அமெரிக்கர் பீபாடி 1862இல் காப்புரிமை பெற்ற அமைப்பை, சுவிட்சர்லாந்தில் இருந்த மார்ட்டினி மேம்படுத்தினார். 1871இல் பிரிட்டிஷ் ராணுவம் அதை மார்ட்டினி ஹென்றி என்று எடுத்துக்கொண்டது. ராணுவம் பிறகு மேகசின் ரைபிளுக்கு மாறிவிட்டது. 1899 முதல் 1902 வரை நடந்த போயர் போரில், குறி பார்த்துச் சுடுவதில் தங்கள் ஆட்கள் பின்தங்கியிருக்கிறார்கள் என்று உணர்ந்த இங்கிலாந்தில், ஊருக்கு ஊர் சின்னத் துப்பாக்கி கிளப்புகள் முளைத்தன. அந்தக் கிளப்புகளுக்காகப் பி.எஸ்.ஏ. அதே மார்ட்டினியைச் சின்னதாக்கி, .22 தோட்டாவுக்குச் செய்தது.

இங்கே 1878 ஆயுதச் சட்டத்துக்குப் பிறகு இந்தியர்கள் துப்பாக்கி வைக்க லைசென்ஸ் வேண்டும், வெள்ளைக்காரர்களுக்கு விலக்கு. ஆகவே கொடைக்கானல், மேகமலைப் பக்கத்து எஸ்டேட் துரைகளிடமும் ஜமீன் வீடுகளிலும்தான் இந்த மாதிரி ரைபிள்கள் இருந்தன. சுதந்திரத்துக்குப் பிறகு துரைகள் கப்பலேறினார்கள், 1948 ஜமீன் ஒழிப்புச் சட்டத்தால் ஜமீன்களும் போயின. துப்பாக்கிகள் கைமாறிச் சமவெளிக்கு இறங்கின. மாமாவின் அப்பா வாங்கியதும் அப்படித்தான் என்று வீட்டில் சொல்வார்கள். அந்தக் கதையை நான் நம்புகிறேன். ஆனால் அதற்கென்று ஒரு ரூபாய்கூடக் கூட்டிப் போட மாட்டேன். யார் வைத்திருந்தார், எந்த ஜமீன் என்பதெல்லாம் காகிதத்தில் இருந்தால்தான் காசு. திண்ணையில் சொன்ன கதைக்கு விலை கிடையாது.

இனி மச்சானின் டாலர் கணக்கு. 1980களின் நடுவில் பொதுமக்கள் வெளிநாட்டுத் துப்பாக்கி இறக்குமதி செய்வது நின்றுபோனது. தேசிய அளவில் தகுதி பெற்ற துப்பாக்கி சுடும் வீரர்களுக்கு மட்டும் வழி இருக்கிறது. அதனால் அதற்கு முன்பே நாட்டுக்குள் வந்துவிட்ட வெளிநாட்டுப் பெயர்கள், குறிப்பாக ரிவால்வர்களும் கைத்துப்பாக்கிகளும், அவற்றின் சொந்த ஊரில் போகும் விலையைப் போல் பல மடங்கு இங்கே போகின்றன. இது உண்மை. மச்சான் போன்றவர்கள் இதைக் கேள்விப்பட்டு, வெளிநாட்டுப் பெயர் பொறித்த எதுவும் தங்கம் என்று நினைத்துக்கொள்கிறார்கள்.

இதற்கு நேரெதிராக வேலை செய்யும் ஒன்றை அவர்கள் கணக்கில் சேர்ப்பதில்லை. 2019 டிசம்பரில் வந்த சட்டத் திருத்தப்படி ஒருவர் இரண்டு துப்பாக்கிகளுக்கு மேல் வைத்திருக்கக் கூடாது. முன்பு மூன்று. கூடுதலாக வைத்திருந்தவர்கள் ஒரு வருஷத்துக்குள் ஒன்றை ஒப்படைக்க வேண்டியிருந்தது. எனக்குத் தெரிந்த வீடுகளில் எதைக் கழித்தார்கள் தெரியுமா? இந்த மாதிரி .22ஐத்தான். தோட்டக் காவலுக்குச் சிதறுகுண்டு சுடும் 12 போர் ஒற்றைக்குழல் அல்லது இரட்டைக்குழல் இருக்கட்டும், கைக்குப் பாதுகாப்பாக ஒரு ரிவால்வர் இருக்கட்டும் என்று நினைக்கிறவர், ஒவ்வொரு தோட்டாவாகப் போடும் குறி ரைபிளுக்கு எதற்காக ஓர் இடத்தைக் கொடுக்கப் போகிறார்? லைசென்ஸில் இருக்கும் அந்த இரண்டு இடங்கள்தான் இன்றைக்கு விலை உயர்ந்த சரக்கு. இரும்பைவிட அதற்குத்தான் மதிப்பு. 1972 வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தால் இப்போது வேட்டை என்ற பயன்பாடும் இல்லை. இந்தக் குண்டுக்குக் காட்டுப்பன்றி அடங்கவும் அடங்காது.

அப்படியானால் யார் வாங்குவார்? விளையாட்டாகச் சுடுபவர்கள். அவர்களுக்கு அந்த இரண்டு என்ற எல்லையில் தளர்வு உண்டு. ஆனால் போட்டிக்குப் போகிற பிள்ளைகள் ஜெர்மனியின் ஆன்ஷுட்ஸ், வால்தர் என்று, தாழ்ப்பாள் மாதிரி இழுத்துத் தள்ளும் போல்ட் ரைபிள் தேடுவார்கள். மார்ட்டினிமேல் ஆசைப்படுகிறவர் என்னை மாதிரி, பழைய பொருளின் லீவர் ஓசைக்கு மயங்குகிற ஆள்தான். நாங்கள் ரொம்பப் பேர் இல்லை. பெயர் விலையை ஏற்றுகிறது, வாங்க ஆள் இல்லாதது இறக்குகிறது. ஒற்றைத் தோட்டா ரைபிளைப் பொறுத்தவரை இறக்கம்தான் ஜெயிக்கிறது.

சரி, இரும்புக்கு வருவோம்.

மாட்டைப் பார்க்கிறவர் முதலில் பல்லைப் பார்ப்பார். ரைபிளில் அது குழல். ரைபிள் என்றாலே குழலுக்குள் மரை ஓடுகிற துப்பாக்கி என்று அர்த்தம். 12 போர் துப்பாக்கிக்குள் வழவழவென்று இருக்கும். ரைபிளுக்குள் ஸ்க்ரூவின் மரை போல நீளமான வரிகள் சுற்றிக்கொண்டே போகும். அந்த வரிகள்தான் குண்டைச் சுழல வைத்து நேராக அனுப்புகின்றன. டீலர் கடையில் நான் முதலில் செய்தது, லீவரைத் திறந்து உள்ளே தோட்டா இல்லை என்று கண்ணாலும் விரலாலும் பார்த்தது. அதன் பிறகு, உலர்ந்த வெள்ளைத் துணித் துண்டு ஒன்றைக் குழல் முழுக்க இழுக்கச் சொன்னேன். விற்கிறவர்கள் பெரும்பாலும் எண்ணெய் ஊற்றி வைத்திருப்பார்கள். எண்ணெய் இருந்தால் எந்தக் குழலும் கண்ணாடி மாதிரி மின்னும். துடைத்த பிறகுதான் உண்மை தெரியும்.

பின்பக்கம் வெள்ளைக் காகிதத்தை வைத்து, அதில் மொபைல் டார்ச்சை அடித்து, முன்பக்கமிருந்து பார்க்க வேண்டும். டார்ச்சை நேராகக் குழலுக்குள் அடித்தால் கண் கூசுமே தவிர ஒன்றும் தெரியாது. மூன்று விதமாக இருக்கலாம். வரிகளின் விளிம்பு கூர்மையாக, உள்ளே வெளிச்சம் ஓடினால் நல்லது. கொஞ்சம் கறுத்து, ஆனால் விளிம்பு கூர்மையாகவே இருந்தால் பயப்பட வேண்டாம், பழைய.22 பல இப்படித்தான் இருக்கும், நன்றாகவும் சுடும். அம்மை வடு மாதிரி குழி குழியாக இருந்தால் துரு தின்றுவிட்டது என்று அர்த்தம். .22 தோட்டாவின் வேகமும் சூடும் குறைவு. சுட்டுச் சுட்டே தேய்ந்த.22 குழலைப் பார்ப்பது அரிது. பெரும்பாலும் சும்மா வைத்திருந்தே கெடுத்திருப்பார்கள்.

நம் ஊரில் அதற்கு ஒரு தனிக் காரணமும் உண்டு. தேர்தல் அறிவிப்பு வந்தால் பெரும்பாலும் லைசென்ஸ் துப்பாக்கிகளை ஸ்டேஷனில் ஒப்படைக்கச் சொல்வார்கள். முடிவு வந்த பிறகுதான் திரும்பக் கிடைக்கும். சட்டசபை, நாடாளுமன்றம், உள்ளாட்சி என்று வருஷங்கள் ஓடும்போது, ஒவ்வொரு முறையும் எண்ணெய் காணாமல் வாரக்கணக்கில் ஓர் அறையில் சாய்ந்து கிடக்கும். ஒப்படைக்கும் முன் எண்ணெய் தடவி, திரும்பி வந்த அன்றே துடைக்கிற ஆள் வைத்திருந்த துப்பாக்கி தப்பும். மாமா அப்படிப்பட்டவர்தான். ஆனால் வீட்டில் அதைத் தோல் உறையிலேயே வைத்திருந்தார். தோல் ஈரத்தைப் பிடித்து வைக்கும். வெளியே பளபளவென்று பத்திரமாக இருக்கிறது என்று நினைப்போம், உறைக்குள் ஐப்பசி மழை குடியிருக்கும். குழலின் வெளிப்பக்கத்தில் உறையின் தையல் பட்ட இடத்தில் ஒரு கோடாகத் துரு ஓடியிருந்தது. முன்கட்டையைக் கழற்றி அடியிலும் பார்க்கச் சொன்னேன். டீலருக்கு இஷ்டமில்லை, ஆனாலும் கழற்றினார். அங்கே மரத்துக்கும் இரும்புக்கும் நடுவில்தான் பல ரைபிள்கள் தங்கள் ரகசியத்தை வைத்திருக்கும். இதில் லேசாகத்தான் இருந்தது.

குழலுக்குள் இன்னொன்று தேட வேண்டும்: வளையம். நடுவில் எங்காவது நிழல் மாதிரி ஒரு கறுப்பு வளையம் தெரிந்தால், எப்போதோ ஒரு குண்டு பாதியில் சிக்கி, அது தெரியாமல் அடுத்ததைச் சுட்டிருக்கிறார்கள். அந்த இடத்தில் குழல் உப்பியிருக்கும். வெளியே விரலை ஓட்டினால் சில சமயம் தட்டுப்படும். இதற்கு வைத்தியம் கிடையாது. வளையம் இருந்தால் நான் மேற்கொண்டு எதையும் பார்க்க மாட்டேன். அது உதிரிபாக விலை.

மார்ட்டினிக்கென்றே இரண்டு நோய்கள் உண்டு. பல மார்ட்டினிகளில் பின்பக்கம் மூடியிருப்பதால் சுத்தம் செய்யும் கம்பியைப் பின்னாலிருந்து நேராக விட முடியாது. முன்வாயிலிருந்துதான் விட வேண்டும். அறுபது எழுபது வருஷம் இரும்புக் கம்பியை உரசி உரசி விட்டால் வாயின் வட்டம் ஒரு பக்கமாகத் தேயும். குண்டு கடைசியாகத் தொட்டுவிட்டுப் போகிற இடம் அது. அங்கே கோணல் வந்தால் மற்றதெல்லாம் நன்றாக இருந்தும் குறி சிதறும். வாயைக் கொஞ்சம் வெட்டிச் சரி செய்தால் போச்சு என்பார்கள். நினைத்தபடி குழலைக் குறைக்க முடியாது, ஆயுதச் சட்டத்தின் 6ஆவது பிரிவு தடுக்கிறது. ஆக அந்தத் தேய்மானத்தை விலையில்தான் கழிக்க வேண்டும்.

இரண்டாவது, தோட்டா அறையின் விளிம்பில் விழும் குழி. .22 தோட்டாவில் வெடிக்கும் மருந்து நடுவில் இல்லை, அடி விளிம்பில் இருக்கிறது. அதனால் ஃபயரிங் பின் விளிம்பில்தான் அடிக்கும். தோட்டா இல்லாமல் சும்மா விசையை இழுத்தால் சில ரைபிள்களில் பின் நேராகக் குழல் இரும்பிலேயே மோதும். வீட்டுப் பிள்ளைகள் 'டக் டக்' என்று விளையாடியே ஒரு பள்ளம் விழுந்துவிடும். அப்புறம் தோட்டா உள்ளே சரியாக உட்காராது, வெறும் கூடு வெளியே வராது. மாமா வீட்டு ரைபிளில் அந்தப் பள்ளம் இருந்தது. யார் போட்டது என்று எனக்குத் தெரியும். 1980களில் கோடை விடுமுறையில் அங்கே விளையாடிய இரண்டு பையன்களில் ஒருவன் இப்போது டாலர் கணக்குப் போடுகிறான், இன்னொருவன் இதை எழுதிக்கொண்டிருக்கிறான். நல்ல கைக்காரர் இதைச் சரி செய்துவிடுவார், பெரிய செலவில்லை.

மரக்கட்டையைப் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. கை பிடிக்கும் மெல்லிய இடத்தில் விரிசல் இருக்கிறதா, பின்கட்டை ஆடுகிறதா, கரையான் தொட்டிருக்கிறதா என்று பார்த்தால் போதும். வார்னிஷ் பளபளப்பைப் பார்த்து ஏமாற வேண்டாம். இரும்பும் அப்படியே. புதிதாகக் கறுப்பு ஏற்றிய துப்பாக்கி, பெயின்ட் அடித்த பழைய அம்பாசடர் மாதிரி. பொறித்த எழுத்துகளின் விளிம்பைப் பாருங்கள். மழுங்கியிருந்தால் பாலிஷ் சக்கரத்தில் துருவோடு சேர்த்து எழுத்தையும் தேய்த்திருக்கிறார்கள். இயல்பாகச் சாம்பல் பூத்த பழைய இரும்புக்குத்தான் நான் கூடுதலாகக் கொடுப்பேன்.

குறிபார்க்கும் சாதனத்தை மட்டும் அலட்சியமாக விடக் கூடாது. இந்த ரைபிள்களில் முன்னால் குழாய்க்குள் ஒரு குறிமுள்ளும், பின்னால் ஊசித்துளை வைத்த, திருகித் திருகி நகர்த்தும் ஒரு சின்னச் சாதனமும் இருக்கும். பார்க்கர் ஹேல் என்ற பர்மிங்ஹாம் கம்பெனி செய்தவை பிரபலம். அந்தப் பின்சாதனத்தைக் கழற்றி எங்கோ வைத்துத் தொலைத்துவிடுவார்கள். அது இல்லாமல் குறி ரைபிள், கண்ணாடி இல்லாத வாத்தியார் மாதிரி. உதிரியாகத் தேடினால் இங்கே எளிதில் கிடைக்காது. மாமாவின் ரைபிளில் அது இருந்த இடத்தில் இரண்டு திருகுத் துளைகள் மட்டும் இருந்தன.

கடைசியாகச் சுட்டுப் பார்க்க வேண்டும். கிளப் ரேஞ்சில் 25 மீட்டரில் ஐந்து தோட்டா சுட்டு, ஐந்து துளையும் ஒரு ரூபாய் காசுக்குள் அடங்கினால் வாங்கலாம். நல்ல மார்ட்டினி அதைவிடச் சிறப்பாகவே செய்யும். 50 மீட்டர் போட்டி அட்டையில் பத்து மதிப்பெண் வட்டமே 10.4 மில்லிமீட்டர்தான், அந்த மாதிரிக் குறிகளுக்காகச் செய்த துப்பாக்கி இது. ஆனால் லைசென்ஸ்காரர் உயிரோடு இருந்தால்தான் ரேஞ்சுக்கு எடுத்துப் போகும் பேச்சு. டெபாசிட்டில் கிடக்கும் வாரிசுத் துப்பாக்கியைப் பெரும்பாலும் கண்ணால் மட்டும்தான் பார்க்க முடியும். வாங்குகிறவர் தெரியாத ஒன்றை ஏற்றுக்கொள்கிறார். அதற்கென்று ஒரு கழிவு கேட்டால் அது நியாயம். பிள்ளைகளுக்குத் துப்பாக்கியில் ஆர்வம் இருந்தால், அப்பா எழுபது வயதைத் தொட்டதுமே, அல்லது அவர் துப்பாக்கியை 25 வருஷம் வைத்திருந்தாலே, வாரிசு பேருக்கு மாற்ற மனு போட 2016 ஆயுத விதிகள் இடம் தருகின்றன. பலருக்கு இது தெரியாது. தெரிந்திருந்தால் அத்தைக்கு இந்தச் சிரமமே வந்திருக்காது.

தோட்டா. இதை முதலிலேயே சொல்லியிருக்க வேண்டும். 1887இல் அமெரிக்காவில் ஸ்டீவன்ஸ் கம்பெனி கொண்டுவந்த .22 லாங் ரைபிள் தோட்டா இன்றைக்கும் ஓடுகிறது. புனே அருகே கட்கி ஆலையில் தயாராகும் தோட்டாவும் கிடைக்கும். ஆனால் பழைய ஒற்றைத் தோட்டா ரைபிள்கள் எல்லாமே இதற்குச் செய்தவை இல்லை. .22 ஷார்ட்டுக்கு, .310 கேடட்டுக்கு, இன்றைக்குப் பேரே மறந்துபோன வேறு சின்ன அளவுகளுக்கு என்று செய்தவை உண்டு. குழலில் என்ன பொறித்திருக்கிறது என்று படிக்காமல் விலை பேசக் கூடாது. தோட்டா கிடைக்காத துப்பாக்கிக்கு நீங்கள் எவ்வளவு குறைத்துக் கொடுத்தாலும் அதிகம்தான்.

காகிதத்தைப் பொறுத்தவரை, என் பார்வையில் அது ஆம் அல்லது இல்லை. பேரத்துக்கு இடமே கிடையாது. துப்பாக்கியில் இருக்கும் எண்ணும் லைசென்ஸ் புத்தகத்தில் இருக்கும் எண்ணும் ஒன்றாக இருக்க வேண்டும். எண் அழிந்திருந்தால், திருத்தியதுபோல் தெரிந்தால், எழுந்து வந்துவிட வேண்டும். அடையாள எண் இல்லாத துப்பாக்கியை விற்பதே குற்றம். லைசென்ஸ் தேசியத் தரவுத்தளத்தில் ஏறி, தனி அடையாள எண் பெற்றிருக்கிறதா என்று கேளுங்கள். ஒரு தனியாள் இன்னொருவருக்கு நேரடியாக விற்கும்போது, யாருக்கு விற்கிறோம் என்பதை மாவட்ட மாஜிஸ்திரேட்டுக்கோ பக்கத்து ஸ்டேஷனுக்கோ எழுத்தில் தெரிவித்து, 45 நாள் கழிந்த பிறகுதான் பொருள் கைமாற வேண்டும். "நூறு வருஷப் பழசு, ஆன்டிக், லைசென்ஸே வேண்டாம்" என்று சொல்கிறவர்கள் டீக்கடைக்கு ஒருவர் இருக்கிறார்கள். பழுது பார்த்தாலும் சுட முடியாத நிலையில் இருக்கும் பழைய ஆயுதத்துக்குத்தான் அந்த விலக்கு. வயது மட்டும் போதாது.

இதெல்லாம் தெரிந்த பிறகு எண்ணாக எப்படி மாற்றுவது? என் வழியைச் சொல்கிறேன், இதில் சட்டமோ சாஸ்திரமோ இல்லை. வங்காளத்தில் இஷாப்பூர் அரசு ஆலையில் செய்யும் .22 ரைபிளின் இன்றைய புது விலையைக் கேட்டுத் தெரிந்துகொண்டு, அதை நூறு என்று வைத்துக்கொள்கிறேன். முழுமையாக, நல்ல குழலோடு, குறிச்சாதனத்தோடு இருக்கும் மார்ட்டினிக்கு அந்த நூறு தரலாம். இஷாப்பூர் ரைபிளுக்கு மேகசின் இருக்கிறது. மார்ட்டினிக்கு நேர்த்தி இருக்கிறது. ஒன்றுக்கொன்று சரியாகிவிடும். குழல் கறுத்திருந்தால் பத்து முதல் இருபது வரை கழிப்பேன். குழி விழுந்திருந்தால் பாதி போய்விடும். வளையம் என்றால் மிஞ்சுவது பதினைந்தோ இருபதோ. பின்சாதனம் இல்லையென்றால் பதினைந்து குறையும், கட்டை விரிசலுக்குப் பத்து, சுட்டுப் பார்க்க முடியாததற்குப் பத்து. அப்புறம் இரண்டு டீலர்களிடமும் கிளப்பிலும், இந்த ரகம் கடைசியாக எந்த விலைக்குக் கைமாறியது என்று விசாரித்து என் கணக்கை உரசிப் பார்ப்பேன். கேட்கும் விலையைச் சொல்வார்கள். அது வேண்டாம், கொடுத்த விலை வேண்டும்.

லைசென்ஸ் தேவையில்லாத ஏர் ரைபிளைப் பழசாக வாங்குகிறவர்களும் என்னிடம் கேட்பதுண்டு. அதுவும் பெரும்பாலும் ஒற்றைத் தோட்டா ரைபிள்தான். 4.5 மில்லிமீட்டருக்கு மேற்படாத குழல், 20 ஜூலுக்கு மேற்படாத வேகசக்தி என்றால் லைசென்ஸ் வேண்டாம். சந்தையில் ஆள் இருப்பதால் விலை தானாகவே ஒழுங்காக இருக்கும். ஸ்ப்ரிங் வகையில் வாஷரும் ஸ்ப்ரிங்கும் மாற்றிவிடலாம். 10 மீட்டர் போட்டிக்கான காற்றுச் சிலிண்டர் வகையில் மட்டும் சிலிண்டரில் பொறித்த தேதியைப் பாருங்கள். சர்வதேசப் போட்டி விதிப்படி அதற்குப் பத்து வருஷம்தான் அதிகபட்ச ஆயுள். தேதி முடிந்திருந்தால் புது சிலிண்டரின் விலையை அப்படியே கழித்துக் கேட்கலாம்.

அத்தையின் ரைபிளுக்கு வருகிறேன். குழலில் வாய்ப்பக்கம் லேசான கறுப்பு, பத்து. பள்ளத்துக்கு ஐந்து. பின்சாதனம் இல்லை, பதினைந்து. சுட்டுப் பார்க்கவில்லை, பத்து. கட்டை நல்ல நிலை. ஆக அறுபது. டீலர் கேட்டது இருபதுக்கும் கீழே. மச்சான் மனதில் இருந்தது நானூறுக்கு மேலே. கிளப்பில் எனக்குப் பழக்கமான, லைசென்ஸில் இடம் வைத்திருந்த ஒருவர் வந்து பார்த்துவிட்டு ஐம்பத்தைந்து என்றார். என் கணக்குத் தாளை அவரிடமே கொடுத்தேன். படித்துவிட்டு அறுபதுக்கு ஒத்துக்கொண்டார். மச்சான் இரண்டு நாள் என்னோடு பேசவில்லை. நானே வாங்கியிருக்கலாமே என்று கேட்பீர்கள். சொந்தத்துக்குள் விலை பேசினால் அந்த இரண்டு நாள் இரண்டு வருஷமாகிவிடும்.

எழுத்தில் தெரிவித்து 45 நாள் கணக்கு ஓடிக்கொண்டிருந்தது. முப்பதாம் நாளோ என்னவோ, அத்தை மறுபடி போன் செய்தார். மாமாவின் ஷேவிங் சாமான் இருந்த டிரங்குப் பெட்டியை ஒழித்தபோது, பழைய ஹார்லிக்ஸ் பாட்டில் ஒன்றில் எண்ணெய்த் துணி சுற்றி ஏதோ இருந்ததாம். நடுவில் சின்ன ஓட்டை, பக்கத்தில் திருகுகிற குமிழ், இரண்டு திருகாணி.

"இதுக்கும் தனியா துட்டு உண்டாப்பா?"

"உண்டு அத்தே. நூத்துக்குப் பதினஞ்சு."